இன்னொருக்கால் கேட்கிற கடை

ஒஸ்லோவின் குரோருட் சந்தியிலிருந்த வீடியோக் கடையை மூடிய பிறகு, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குளிர்காலம் முழுவதும் இருட்டுத்தான் இருந்தது. தெருவின் மற்றப் பக்கத்தில் பஸ் தரிப்பு. தில்லைநாதன் தன் பஸ்ஸை அங்கே நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு, ஆட்கள் ஏறி இறங்கும்வரை இடப்பக்க யன்னலால் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏறுகிறவர்கள் பயணச்சீட்டைக் காட்டி ஒரு "ஹாய்" சொல்வார்கள். அதற்கு மேல் சாரதியோடு கதைக்க இந்த நாட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நாள் முழுவதும் முதுகுக்குப் பின்னால் அத்தனை சனம். வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றும்போது, காலையிலிருந்து தன் வாய் என்ன பேசியது என்று யோசித்தால், அந்த "ஹாய்" மட்டும்தான் மிஞ்சும்.

மாசி மாதத்தில் ஒரு காலை அந்தக் கண்ணாடிக்குள் வெளிச்சம் தெரிந்தது. ஏணியில் ஒரு தடித்த மனிதர். குளம்போடு கூடிய ஒரு முழுப் பன்றித் தொடையை முகட்டுக் கொழுக்கியில் மாட்ட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்று மாட்டியாயிற்று. அடுத்தது. கீழே பெரிய மேசையில் வண்டிச் சில்லுப் போல ஒரு சீஸ். பக்கத்தில் மஞ்சள் தகரங்கள், கண்ணாடிச் சாடிகள், நூலில் கோத்த செத்தல் மிளகாய். செத்தல் மிளகாயைக் கண்டதும் தில்லைநாதன் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார். பின்னாலிருந்த கிழவி ஒருத்தி மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். நோர்வேயில் அது பெரிய கண்டனம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு பஸ்ஸை எடுத்தார்.

தில்லைநாதனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் வருடங்களை நாட்டின் வடக்கு நுனியில், மீன் தொழிற்சாலையில், கையுறைக்குள் விரல் விறைக்க மீன் சீவிக் கழித்தவர். பிறகு ஒஸ்லோ. பிறகு பஸ். புஷ்பமலரைக் கூப்பிட்டு, சயூரனும் ஹம்சத்வனியும் பிறந்து, குரோருட் மாடிக் குடியிருப்பில் மூன்று அறை வீடும் வாங்கி, எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் லண்டன் கதை தொடங்கியது. நோர்வேஜியத்தைப் படித்து உலகத்தில் எங்கே போய்க் கதைப்பது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும், தமிழ்ப் பள்ளிக்கூடம் வேண்டும், சொந்தக்காரரும் அங்கேதான் என்று ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டினார்கள். புஷ்பமலரும் கட்டினாள். பிள்ளைகள் அங்கே படிக்க, தில்லைநாதன் இங்கே நிரந்தர வேலையில் நின்று உழைப்பது என்பது ஏற்பாடு. அது நடந்து நாலைந்து வருடமாகிறது. வெள்ளைக்காரனுக்கு விவாகரத்து இருக்கிறது. எங்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு. சண்டையில்லை, சச்சரவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன்.

போன அன்று, விமான நிலையத்தில் உள்ளே போகுமுன் புஷ்பமலர் கேட்டாள்.

"அப்ப நீங்கள்? நீங்களும் வாங்கோவன். அங்கையும் பஸ் ஓடுதுதானே."

"இப்ப என்னத்துக்கு? நான் இஞ்சை சமாளிப்பன். நீங்கள் போங்கோ."

அவருக்குப் போக விருப்பம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த விமானத்துக்குப் பின்னாலேயே ஓடுவதற்கும் விருப்பம். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வந்த வீட்டில் "தேத்தண்ணி குடிக்கிறியளோ" என்று கேட்டால், நாக்கு வறண்டு கிடந்தாலும் "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றுதான் சொல்ல வேண்டும். "சும்மா இருங்கோ, ஒரு வாய்" என்று வீட்டுக்காரி இன்னொருக்கால் கேட்பாள். அப்போதும் கொஞ்சம் நெளிய வேண்டும். மூன்றாம் தரம் கேளாமலே கோப்பை வந்துவிடும். முதல் தரத்திலேயே ஓம் என்கிறவன் சாப்பாடு காணாதவன். கேட்கிறவருக்கும் இது தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும்.

அன்று விமானத்துக்கு நேரமாகிவிட்டது. புஷ்பமலர் இன்னொருக்கால் கேட்கவில்லை.

நோர்வேஜியர்கள் இன்னொருக்கால் கேட்கவே மாட்டார்கள் என்பதை அவர் முன்னமே பட்டறிந்திருந்தார். பஸ் நிலையத்தில் ஸ்டைன் என்றொரு சாரதி, நல்ல மனிதன், ஒருமுறை தன் மலைக்குடிலுக்கு வாரயிறுதிக்கு வருகிறாயா என்று கேட்டான். "இல்லை, நன்றி, உனக்கு ஏன் சிரமம்" என்றார் தில்லைநாதன். மனதுக்குள் எந்தக் கம்பளிச் சட்டையைக் கொண்டுபோவது என்றும் யோசித்துவிட்டார். ஸ்டைன் "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு ஒரு பனிக்காலத்திலும் அவன் கேட்கவில்லை. வேண்டாம் என்றவனைத் திரும்பக் கேட்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு.

கண்ணாடிக்குள் வெளிச்சம் தெரிந்த அன்று வேலை முடிந்து, சீருடையோடேயே அந்தக் கடைக்குள் போனார் தில்லைநாதன். வாங்கும் நோக்கமில்லை, சும்மா பார்க்க. கதவைத் திறந்ததும் ஒரு மணம் முகத்தில் வந்து மோதியது. புகையும் உப்பும் எண்ணெயும் சீஸும் கலந்த கனத்த மணம். ஒஸ்லோக் கடைகளுக்கு மணமே கிடையாது, எல்லாம் பிளாஸ்ரிக்குக்குள் அடைபட்டுக் கிடக்கும். இத்தாலியச் சாப்பாடு என்றால் அவருக்குத் தெரிந்தது, வேலை முடிந்து வந்து சூட்டடுப்பில் வைக்கும் உறைந்த பீட்சா மட்டும்தான்.

"வா, வா. கதவைச் சாத்து. குளிர் வந்தா சலாமி அழும்," என்றார் ஏணிக்காரர். இப்போது வெள்ளை மேலங்கி கட்டியிருந்தார். பெயர் கர்மெலோ என்பது பிறகு தெரிந்தது. அவர் பேசியது நோர்வேஜியம். தில்லைநாதன் பேசியதும் நோர்வேஜியம். இரண்டையும் ஒரு நோர்வேஜியன் கேட்டிருந்தால் எந்த மொழி என்று யோசித்திருப்பான்.

"இதெல்லாம் இத்தாலியா?"

"பிறகென்ன, சுவீடனா? வாசிச்சுப் பார். ஒரு எழுத்து நோர்வேஜியம் இருக்கா?"

இருக்கவில்லை. சாடிகளில் எண்ணெய்க்குள் ஊறும் கத்தரிக்காய், கொட்டையோடு ஒலிவ், வெயிலில் காயவைத்த தக்காளி. ஒரு அகலத் தகரத்துக்குள் உப்புக்கல்லோடு வட்டமாக அடுக்கிய சின்ன மீன்கள். தில்லைநாதன் குனிந்து பார்த்தார். நெத்தலியேதான்.

அதற்குள் கர்மெலோ இயந்திரத்தில் தொடையை வைத்து, பின்னால் வைத்த கை தெரியும்படி மெல்லிதாக ஒரு துண்டு சீவியிருந்தார். அதைக் கத்தி நுனியில் ஏந்தி நீட்டினார்.

"சாப்பிடு."

"இல்லை, நன்றி."

இந்த நாட்டு வழக்கப்படி கதை இதோடு முடிய வேண்டும். கத்தி திரும்பிப் போக வேண்டும். போகவில்லை.

"ஏன்? வயித்துவலியா?"

"இல்லை. இப்பதான் சாப்பிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

தில்லைநாதனுக்கு உடனே ஒரு நேரம் வாயில் வரவில்லை.

"பார், பொய்," என்றார் கர்மெலோ. "நீ சாப்பிட்டது சாப்பாடு. இது சாப்பாடில்லை. இது சும்மா. கையை நீட்டு."

"மாடா?"

"பன்றி."

பன்றி, வடக்கில் தொழிற்சாலைக் காலத்தில் பழகியது. மாடு மட்டும் இன்றுவரைக்கும் இல்லை. கையை நீட்டினார். அந்தத் துண்டு நாக்கில் பட்டதும் உப்பாகி, இனிப்பாகி, இல்லாமலே போயிற்று. கர்மெலோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், மருந்து கொடுத்த வைத்தியர் மாதிரி.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"அப்ப இன்னொண்டு."

"ஐயோ, காணும்."

இன்னொன்றும் கைக்கு வந்தது.

நெத்தலியில் கொஞ்சமும், உடைத்தால் சத்தம் கேட்கிற ரொட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார். பனி சறுக்குகிற ஏற்றம் அது. என்றாலும் கால் இலேசாக இருந்தது. மூன்று அறை வீட்டில், பிள்ளைகளின் இரண்டு அறைக் கதவுகளையும் சூடு வீணாகாமல் சாத்தியிருந்தார். குசினி மேசையடியில் இருந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்து நெத்தலியை வைத்துத் தின்றார். இது அவ்வளவு பெரிய சங்கதியா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். இறைச்சியோ மீனோ அல்ல. 'எத்தனை மணிக்கு' என்று ஒரு மனிதன் தன்னை மடக்கினானே, அதுதான். தன் பொய்யைப் பொய்யென்று கண்டுபிடிக்க இந்த ஊரில் ஒருவன் மெனக்கெட்டிருக்கிறான்.

அதிலிருந்து வேலையில்லாத நேரமெல்லாம் அந்தக் கடைதான். அவர் வேண்டாம் என்பார், கர்மெலோ வைவார், பிறகு இவர் கையை நீட்டுவார். இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மாட்டிறைச்சியில் செய்தவற்றை எல்லாம் கர்மெலோ ஒரு பக்கமாக ஒதுக்கி, "இந்தப் பக்கம் உனக்கில்லை, பார்க்கவும் கூடாது" என்று அதட்டுவார். வெள்ளிக்கிழமை ஒருநாள் தில்லைநாதன் உண்மையாகவே இறைச்சி வேண்டாமென்றபோது கர்மெலோ கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமையா? என் அம்மாவும் வெள்ளியில தொடமாட்டா. உன் கடவுளும் வெள்ளியிலதான் கண்டிப்பா?"

"அது கோயில் நாள்."

"சரி. சீஸ் தின். சீஸுக்கு ஒரு கடவுளும் கோபிக்கிறதில்லை."

அருட்செல்வத்தையும் தில்லைநாதன்தான் அங்கே கூட்டிப்போனார். அருட்செல்வம் மட்டக்களப்பான், அதே பஸ் நிலையத்தில் சாரதி, நாற்பது வயதாகியும் கல்யாணம் ஒப்பேறவில்லை. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதற்கு அவன் விடுவதில்லை. கர்மெலோ ஒரு துண்டை நீட்டியதும் "தாங்க" என்று வாங்கி வாயில் போட்டுவிட்டு, மற்றக் கையையும் நீட்டினான்.

வெளியே வந்ததும் தில்லைநாதன் கடிந்தார். "என்னடாப்பா, காய்ஞ்ச மாடு கம்பிலை விழுந்த மாதிரி. ஒருக்கால் வேண்டாமெண்டு சொல்லக்கூடாதோ?"

"ஏன் அண்ணன்? எனக்கு வேணுமே."

"வேணுமெண்டாலும் ஒரு மரியாதைக்கு."

"மரியாதையப் பாத்துக்கிட்டிருந்தா மறுகா பசி போகுமா? யாழ்ப்பாணத்தார் நீங்க வாயால வேண்டாம் எண்டுவீங்க, கண்ணால தின்னுவீங்க. இந்த ஊருல ஆரு அண்ணன் கண்ணப் பாக்கிறான்?"

தில்லைநாதன் சிரித்துவிட்டார். மனதுக்குள், இவனுக்கு வளர்ப்புச் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பமலர் ரெலிபோனில் ஒரு புதுக் கதையோடு வந்தாள். வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரன் அதை விற்கப்போகிறானாம். சயூரன் பல்கலைக்கழகம் போனாலும் வீட்டிலிருந்துதான் போவான். சொந்தமாக ஒரு வீடு எடுத்துவிடுவதுதான் நல்லதென்று அவளுடைய தமையனும் சொல்கிறாராம்.

"ரெண்டு வீடு பாத்து வைச்சிருக்கிறம். ஒண்டு ரெண்டு அறை, ஸ்ரேசனுக்குக் கிட்ட. மற்றது மூண்டு அறை, கொஞ்சம் தள்ளி. பெரிசெண்டால் உங்கடை குரோருட் வீட்டை வித்தால்தான் சரிவரும். அதுதான் கேக்கிறன். நீங்கள் இஞ்சை வாற எண்ணம் இருக்கோ? இருந்தால் பெரிசைப் பாப்பம். இல்லாட்டி எங்களுக்குச் சின்னனே காணும். நானும் ஹம்சியும் ஒரு அறையிலை கிடப்பம்."

இந்தக் கேள்விக்காக அவர் அத்தனை வருடமாகக் காத்திருந்தார். கேள்வி வந்து வாசலில் நிற்கிறது. வாய் தன்பாட்டில் திறந்தது.

"என்னை ஏன் பாக்கிறியள்? உங்களுக்கு வசதி எதோ அதைப் பாருங்கோ. நான் இஞ்சை ஒரு குறையுமில்லாமல் இருக்கிறன்."

தில்லைநாதன் ரெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இப்போது வரும். 'சும்மா இருங்கோ, வயது போற நேரத்திலை தனிய என்ன செய்யப்போறியள்' என்று ஒரு அதட்டல் வரும்.

"சரி," என்றாள் புஷ்பமலர். "ஹம்சிக்குப் பரதநாட்டிய வகுப்புக்கு நேரமாகுது. வைக்கிறன்."

அந்த 'சரி' ஸ்டைன் சொன்ன மாதிரியே இருந்தது. கோபமில்லை, வருத்தமில்லை, கேட்டதற்கு விடை கிடைத்த ஒரு நிறைவு. அவள் இவ்வளவு காலம் நோர்வேயில் இருந்ததும் வீண்போகவில்லை என்று நினைத்தார். அன்று அவர் சமைக்கவில்லை.

பிறகு வந்த ஞாயிறுகளில் வீட்டுக் கதையை எடுக்க அவர் ஒருமாதிரி வளைத்து வளைத்துப் பார்த்தார். "லண்டனிலை இப்ப குளிர் எப்பிடி?" என்பார். "ஸ்ரேசனுக்குக் கிட்ட எண்டால் சத்தமாயிருக்குமே?" என்பார். அவள் குளிருக்கும் சத்தத்துக்கும் மட்டும் பதில் சொன்னாள்.

நோர்வேயில் உயிர்த்த ஞாயிறு வருகிறதென்றால் ஒஸ்லோ காலியாகிவிடும். எல்லோரும் தோடம்பழமும் சறுக்குப் பலகையுமாக மலைக்குப் போய்விடுவார்கள். பெரிய வெள்ளிக்கு முதல் நாட்களில் ஒன்றில் கர்மெலோ கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, சீஸ் வெட்டியபடியே தில்லைநாதனிடம் சொன்னார்:

"ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. ஆனா உள்ளே மேசை போடுறேன். என் தம்பி குடும்பம் வருது, இன்னும் நாலைஞ்சு பேர். ஆட்டுக்குட்டி சமைக்கிறேன். நீயும் வா."

தில்லைநாதனின் நெஞ்சு ஒருமுறை துள்ளியது.

"இல்லை, இல்லை. அது உன் குடும்பச் சாப்பாடு. எனக்கென்ன, நான் வீட்டில ஏதாவது..."

சொல்லிவிட்டுக் கர்மெலோவின் முகத்தைப் பார்த்தார். இப்போது வைவான். 'என்ன குடும்பம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய்' என்பான். கர்மெலோ அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "சரி. நீ நினைக்கிறபடி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சீஸைத் தாளில் சுற்றி அடுத்த ஆளிடம் திரும்பினார்.

தில்லைநாதன் கொஞ்ச நேரம் ஒலிவ் சாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்கள் குறைந்தால் திரும்பக் கேட்பார் என்றொரு நம்பிக்கை. ஆட்கள் குறையவில்லை. பஸ் நிலையத்துக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை செய்ய ஆள் வேண்டுமா என்று கேட்டார். அவர்கள் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். பனி உருகித் தெருவோரம் ஓடியது. பஸ்ஸில் ஆளே இல்லை. முதல் சுற்றில் சந்தித் தரிப்பில் நிறுத்தியபோது, கடைக்குள் நீள மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஒரு பெண் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொழுக்கியில் தொங்கும் தொடைகளுக்குக் கீழே பிள்ளைகள் ஓடினார்கள். தில்லைநாதன் கதவைத் திறந்தார். ஏற ஒருவருமில்லை. மூடினார்.

அடுத்த சுற்றில் மேசை நிறைந்திருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்பது கண்ணாடிக்கு இங்கால் நின்றே தெரிந்தது. கர்மெலோ நின்றுகொண்டு எல்லோருடைய தட்டிலும் எதையோ வைத்துக்கொண்டு போனார். மேசையின் நடுவில், ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கை நிறைய எலும்போடு ஒருவன் இருந்தான். கறுத்த, உருண்ட தலை. பஸ் நிலையத்தில் தினமும் பார்க்கிற தலை.

அருட்செல்வம்.

தில்லைநாதன் தன்னையறியாமல் இருக்கையில் கொஞ்சம் கீழே சரிந்தார், தெருவில் கடன்காரனைக் கண்டவர் மாதிரி. அருட்செல்வம் பார்க்கவில்லை. அவன் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய சிவப்பு பஸ், வெளிச்சம் போட்டபடி, ஆளில்லாமல், கதவை ஆவென்று திறந்துகொண்டு நிற்கிறது. நேரம் முடிந்தும் அவர் எடுக்கவில்லை. செருமுவதற்குக்கூட ஒரு கிழவி இல்லை.

அதற்கடுத்த சுற்றுகளிலும் அந்தத் தரிப்பு வந்தது. அவருக்கு அதைத் தாண்டிப் போக வழியில்லை, அதுதான் பாதை. பழம் வந்திருந்தது. பிறகு சின்னக் கோப்பைகளில் கோப்பி. பிறகு பிள்ளைகள் வெளியே வந்து உருகும் பனியை உருட்டினார்கள். ஒருத்தி பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்தாள். அவரும் அசைத்தார். கடைசிச் சுற்றில் துணியை மடித்துவிட்டார்கள். கர்மெலோவும் அருட்செல்வமும் மட்டும் வெறும் மேசையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கதிரை மேசையை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. அது யாரோ எழும்பிப்போன கதிரையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருக்கு அதையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது.

மறுநாளும் விடுமுறைதான், என்றாலும் பஸ் ஓட வேண்டும். நிலையத்தின் ஓய்வறையில் அருட்செல்வம் கோப்பியோடு வந்து முன்னால் குந்தினான்.

"என்ன அண்ணன், நேத்து வரல்ல? ஆட்டுக்குட்டி எண்டா ஆட்டுக்குட்டி. எலும்ப விட மனசில்ல."

"உன்னை ஆர் கேட்டது?"

"அவருதான். வெள்ளிக்கு முதல் நாள் ரொட்டி வாங்கப் போனன். வாறியா எண்டாரு. வாறன் எண்டன். அவ்வளவுதான் கதை." கோப்பியை ஊதினான். "உங்களயும் கேட்டாராமே. நீங்க மாட்டன் எண்டுட்டீங்களாம். மனிசனுக்கு மனத்தாங்கல் அண்ணன். 'தில்லைக்கு என்ன, எங்களோட இருந்து சாப்பிட விருப்பமில்லையா' எண்டு என்னட்ட கேக்கிறாரு."

"நான் எங்கை மாட்டன் எண்டனான்? அவன் இன்னொருக்கால் கேக்கேல்லை."

அருட்செல்வம் கோப்பியைக் கீழே வைத்தான். விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறான் என்று தில்லைநாதன் எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை.

"கடையில இழுத்துப் பிடிச்சுக் குடுக்கிறது யாவாரம் அண்ணன், எல்லாருக்கும் குடுப்பாரு. வீட்டுச் சாப்பாட்டுக்குக் கையப் புடிச்சு இழுக்க ஏலுமா? 'வரமாட்டன் எண்டவன என்னத்துக்குக் கஷ்டப்படுத்துற, அவனுக்கு அவன்ட ஆக்கள் இருப்பாங்க' எண்டாரு. நான் சொல்லல்ல அண்ணன். உங்களுக்கு ஆரும் இல்லயெண்டு நான் சொல்லல்ல."

தில்லைநாதன் எழுந்து யன்னலுக்குப் போனார். வெளியே பஸ்கள் வரிசையாக நின்றன. அவனுக்கு அவன்ட ஆக்கள். கர்மெலோ நினைத்தது அது. புஷ்பமலர் என்ன நினைத்திருப்பாள்? இந்த மனிதனுக்கு அவரது பஸ்ஸும் அவரது மூன்று அறையும் போதும், நாங்கள் வேண்டாம் என்றா? தன்னை விட்டுப் போனார்கள் என்றுதான் இதுவரை அவர் நினைத்திருந்தார். அவர்களைப் போகச் சொன்னது தான்தானோ என்ற யோசனை முதல் தடவையாக வந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே ரெலிபோனை எடுத்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"என்னப்பா?" புஷ்பமலரின் குரல் பதறியது. "திங்கக்கிழமை எடுக்கிறியள்? சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். வீடு பாத்திட்டீரோ?"

"ஓம். சின்னனைத்தான். போன கிழமை அண்ணையோடை போய்ச் சொல்லிக் காசும் கட்டியாச்சு. ஏன்?"

பிந்திவிட்டது. வழக்கமான வாய் 'ஒண்டுமில்லை, சும்மா கேட்டனான்' என்று தயாராக நின்றது. அதைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"எனக்கும் இடம் வேணும்."

"எத்தினை நாளைக்கு?"

"வந்து போக இல்லை, புஷ்பம். இருக்க."

மறுபக்கத்தில் கதிரை ஒன்றை இழுத்து அவள் இருக்கும் சத்தம் கேட்டது.

"நான் கேட்டனான்தானே," என்றாள். குரல் உடைந்திருந்தது, கோபத்திலா வேறெதிலா தெரியவில்லை. "வாயைத் திறந்து கேட்டனான். உங்களுக்கு ஒரு குறையுமில்லை எண்டனீங்கள்."

"ஒருக்கால்தானே கேட்டனீர்."

"ஒருக்கால் கேட்டால் காணாதோ? கட்டின மனிசனுக்கு நான் என்ன வெத்திலை பாக்கு வைச்சோ அழைக்கிறது? எயார்போட்டிலையும் கேட்டனான். அண்டைக்கும் மாட்டன் எண்டனீங்கள். பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லுறது? அப்பாவுக்கு அங்கைதான் விருப்பம், விடுங்கோ எண்டு சொல்லிச் சொல்லி, எனக்கே அது பழகிப்போச்சு."

"எனக்கு இஞ்சை விருப்பமில்லை."

இவ்வளவு காலத்தில் அவர் சொன்ன மிக நேரான வசனம் அதுதான். சொன்ன பிறகு வீடு முழுவதும் அது கேட்ட மாதிரி இருந்தது.

புஷ்பமலர் மூக்கை உறிஞ்சினாள். "அறை இல்லை. ஹோலிலை சோபாக்கட்டில் ஒண்டு போட்டால்தான்."

"போடும்."

"சயூரன் ஹோலிலை இருந்துதான் படிக்கிறவன். விடிய விடிய லைற் எரியும்."

"எரியட்டும்."

"உங்கடை வேலை? அங்கத்தைய வீடு?"

"அதுகளைப் பிறகு பாப்பம். முதல் நீர் ஓம் எண்டு சொல்லும்."

"நான் மட்டும் சொல்லேலாது. பிள்ளையள் தனிய இருந்து பழகிட்டுதுகள். கேக்கவேணும்."

"இப்பவே கேளும். நான் வைக்கேல்லை."

அவள் ரெலிபோனை எங்கேயோ வைத்தாள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் ஒருநாளும் இருந்திராத வீட்டின் சத்தங்கள். படியில் காலடி. ஒரு கதவு. புஷ்பமலர் தமிழில் ஏதோ சொல்ல, சயூரனின் குரல் ஆங்கிலத்தில் ஏறியது. அவனுக்கு இவ்வளவு தடித்த குரல் எப்போது வந்தது? அவன் என்ன சொல்கிறான் என்று விளங்கவில்லை. பிறகு தண்ணீர்க் குழாய் திறந்து மூடும் சத்தம். தில்லைநாதன் காலை மாற்றிக்கொண்டார். சப்பாத்திலிருந்து உருகிய பனி தரையில் ஒரு சின்னக் குளமாகியிருந்தது.

யாரோ ஓடிவந்து ரெலிபோனைத் தூக்கினார்கள்.

"அப்பா?" ஹம்சத்வனி. மூச்சு வாங்கியது. "நீங்கள் ஹோலிலை படுக்கப்போறீங்களாம். எனக்கும் அம்மாவுக்கும் மேலறை, ஹோல் நேரே கீழை. நீங்கள் குறட்டை விடுவீங்களா? எனக்கு ஞாபகமில்லை."

"எனக்கும் தெரியாது பிள்ளை," என்றார் தில்லைநாதன். "சொல்ல இஞ்சை ஒருத்தரும் இல்லை."